கதையை முதலில் சொல்ல வேண்டியது மேலாளர்

தஞ்சாவூரில் 2024இல் நியோ டைடல் பூங்கா என்ற கணினி நிறுவன வளாகம் திறந்த பிறகு, சென்னைக்கு மூட்டை கட்டாமல் சொந்த ஊரிலேயே கணினி வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் பெரிய துணை. வீட்டில் முதல் பட்டதாரி, நாற்று நட்டுப் படிக்கவைத்த அம்மாவின் மகள், பார்வை இல்லாத இளைஞர் என்று பலரும் வேலைக்கு வருகிறார்கள்.

வந்து உட்கார்ந்ததும் காதில் விழுவது என்ன? "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" நம் டெல்டாவில் அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் ஒரு நாள் அலுவலகக் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்து "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றால் யார் வாய் திறப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறேன், முதலில் தன் கதையைச் சொல்ல வேண்டியவர் மேலே இருப்பவர். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவரவர் விருப்பம். துருவக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒரத்தநாடு பக்கத்துப் பெண் ஒருவர். ஆறு மணி மீட்டிங்குக்கு இருக்கவே மாட்டார். ஆர்வம் இல்லை என்று பெயர் கட்டிவிட்டார்கள். ஒரு மதியம் குழுத்தலைவர், தன் முதல் வேலையில் இங்கிலீஷுக்குப் பயந்து மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மெதுவாக, "அஞ்சே முக்கால் பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழரைக்குத்தான் சார். இறங்கி நடக்குற ரோட்டுல லைட்டே கிடையாது" என்றார். மறுவாரமே மீட்டிங் மூன்று மணிக்கு மாறியது. அந்த மதியமே குழுவில் இருந்த பார்வை இல்லாத இளைஞர் ஒருவரும் பேசினார்: ஸ்கேன் செய்து அனுப்பும் தாள் வெறும் படம், திரையில் இருப்பதை அவருக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளால் அதை வாசிக்க முடியவில்லை. இப்போது எல்லாரும் தட்டச்சு செய்த கோப்பாகவே அனுப்புகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவாய்ப்புக் கொள்கை வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் கொள்கை அலுவலகத்தில் நடைமுறைக்கு வருவது இப்படிப்பட்ட பேச்சில்தான்.

ஆனால் கதை கேட்டு, கண் கலங்கி, கைதட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னாலேயே பயிற்சி வர வேண்டும். வாரம் அரை மணி நேரம் போதும். "இப்படிச் செய்" என்று உத்தரவு போடாமல், "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். அந்தப் பெண்ணுக்கு, வாடிக்கையாளர் முன் வைக்கும் அறிக்கையின் ஒரு பகுதியைப் பேசக் கொடுத்தார்கள். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தார், அப்புறம் இங்கிலீஷில். வாடிக்கையாளர் கேள்வி கேட்டபோது குழுத்தலைவர் குறுக்கே புகவில்லை, அந்தப் பெண்ணே பதில் சொன்னார். பதவி உயர்வு பற்றி மேலே பேசும்போது அவர் பெயரை எடுத்துச் சொல்லவும் அந்த அறைக்குள் ஓர் ஆள் வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இதுதான்.

கும்பகோணம், மன்னார்குடி, நாகை பக்கம் உங்கள் அலுவலகத்திலோ ஆலையிலோ யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, ஷிப்ட் வேலை இருக்கும் இடத்தில் அந்த அரை மணி நேரத்தை எப்படி ஒதுக்குகிறீர்கள்?