ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது

ஓட்டுநர் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வெறும் சடங்கு, அதை நீக்கிவிடலாம் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள் தரவேண்டிய அந்தச் சான்றுக்காக, அதாவது படிவம் 1ஏ-வுக்காகப் போன மாதம் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார். எதிரே பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் பூசினாற்போல். இரண்டு கண்ணும் திறந்திருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லையே!

அப்புறம் கண் மருத்துவமனையில் கண்ணின் அழுத்தம் பார்த்து, கிளகோமா, இடது கண்ணில் முற்றிவிட்டது என்றார்கள். பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப்பார்வையைத் தின்னும் நோய். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கத்தான்.

அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயும். இது தெரிவதற்கு முன் ஒருமுறை, வண்டி ஓட்டிப் போனபோது, இடப்பக்கம் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கிட்டத்தில் போன பிறகே பார்த்து பிரேக் அடித்தேன். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் கை நடுங்குகிறது.

சான்றை நீக்காதீர்கள், பரிசோதனையை ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்தக் கண் நோய் வர வாய்ப்பு அதிகமாம். தம்பியை வியாழக்கிழமை மன்னார்குடியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன்.