மெல்லிய லென்ஸ் சரி, "நிறப்பிழை இல்லை" என்பது தவறு

"திரவப் படிகப் பாலிமர் லென்ஸ் தலைமுடியைவிட மெல்லியது, நிறப்பிழையே கிடையாது, கண்ணாடி லென்ஸுக்கு இனி வேலையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பகுதி மட்டும்தான் உண்மை. திரவப் படிகம் என்றால் திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும் பொருள்; அதைக் கெட்டியாக்கிய படலத்தின் தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர்தான்.

இரண்டாவது பகுதி நேர்தலைகீழ். நிறப்பிழை என்றால் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு தூரத்தில் குவிவது. இந்த லென்ஸ் ஒளியை வளைப்பது விளிம்பு விளைவால் (நுண்ணிய அமைப்பில் பட்டு ஒளியலை வளைந்து பரவுவது). அதனால் குவியத்தூரம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 550 நானோமீட்டர் பச்சைக்கு 100 மில்லிமீட்டர் என்றால், 450 நீலத்துக்கு ஏறக்குறைய 122, 650 சிவப்புக்கு 85. சாதாரணக் கண்ணாடி இவ்வளவு மோசமில்லை! ஆனால் இங்கே பிழை எதிர்த்திசையில் வருவதால், கண்ணாடியோடு சேர்த்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். ஆக, இது கண்ணாடிக்குப் போட்டி அல்ல, கூட்டாளி.

இன்னொன்று: வலச்சுற்றுத் தளவிளைவு ஒளியை (அலையின் அதிர்வுத்திசை வலப்புறமாகச் சுழலும் ஒளி) இந்த லென்ஸ் குவித்தால், இடச்சுற்று ஒளியை அதே லென்ஸ் விரிக்கும். சாதாரண வெளிச்சத்தில் பாதி குவியும், பாதி விரியும். கேமராவில் அப்படியே பொருத்த முடியாது.

இந்த லென்ஸுக்கு மின்சாரம் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னதும் பொதுவாகப் பொருந்தாது. லென்ஸைத் தயாரிக்கும்போது, ஒரே திசையில் அதிரும் தளவிளைவு ஒளி பட்டதும் அடியில் பூசிய அசோ சாய (ஒளிக்கேற்பத் திரும்பும் சாயம்) மூலக்கூறுகள் அந்த அதிர்வுத்திசைக்குச் செங்குத்தாகத் திரும்பும். மேலே பூசும் திரவப் படிகம் அந்த வரிசையைப் பின்பற்றும். புற ஊதா ஒளியில் கெட்டியாக்கிவிட்டால் அமைப்பு நிலைத்துவிடும். தேவைப்படும்போது நிலைமாற்றும் வகைக்குத்தான் மின்னழுத்தம் வேண்டும்.

இதை "புத்தம்புதிய தத்துவம்" என்று சொல்வதும் சரியல்ல. இதன் அடிப்படையான, தளவிளைவு மாறும்போது ஒளியலையில் வரும் கட்ட மாற்றத்தைப் பெங்களூரில் இயற்பியலாளர் பஞ்சரத்தினம் 1956இலேயே எழுதிவிட்டார்.