ஒலிம்பிக் சுடர் மீண்டும் எல்லை கடக்க வேண்டும்

ஒலிம்பிக் போட்டிகளைப் பார்ப்பவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் போட்டிகளுக்கு முன்னால் பல வாரங்கள் நடக்கும் சுடர் ஓட்டத்தை நாள் தவறாமல் பின்தொடர்கிறவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் ஒருவன். கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் சுடர் ஏற்றப்படும் நாளிலிருந்து தொடக்க விழாவில் கொப்பரை எரியும் வரை, இன்று எந்த ஊர், நாளை எந்த ஊர், ஏந்துபவர் யார் என்று நேரலையிலும் வரைபடத்திலும் தேடிக்கொண்டிருப்பேன். இதில் வெற்றி தோல்வி இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஒருவர் தீப்பந்தத்துடன் சிறிது தூரம் மெதுவாக ஓடி இன்னொருவரிடம் சுடரைக் கொடுக்கிறார், அவ்வளவுதானே என்று வீட்டில் கேட்பார்கள். அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பாதை எந்த ஊர்களைத் தொடுகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்பதைப் பார்த்தாலே, உலகம் முழுவதற்கும் பொதுவானது என்று ஒலிம்பிக் இயக்கம் தன்னைச் சொல்லிக்கொள்வது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்துவிடும். அதனால்தான் 2009இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு எடுத்த ஒரு முடிவைப் பற்றி எனக்கு நீண்ட நாளாக ஆதங்கம் உண்டு. இனிச் சுடர் கிரேக்கத்திலும் போட்டி நடக்கும் நாட்டிலும் மட்டுமே ஓடும், உலகச் சுற்று கிடையாது என்பது அந்த முடிவு. அதை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி.

செலவும் சிரமமும்தான் உலகச் சுற்றுக்கு எதிராக முதலில் சொல்லப்படுகிறவை. அவற்றை எடைபோட, இந்தச் சுடர் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒலிம்பியாவில் ஹேரா கோயிலின் இடிபாடுகளுக்கு முன்னால், பண்டைக் காலப் பூசாரிப் பெண்ணின் வேடத்தில் வரும் நடிகை, குழியாடியில் குவியும் வெயிலில் பந்தத்தை வைத்துப் பற்றவைக்கிறார். வானம் மூடியிருந்தால், முன்னதாக ஒத்திகையின்போது வெயிலில் ஏற்றிக் காத்து வைத்திருக்கும் சுடரை எடுத்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பாரிஸ் போட்டிக்கான சுடரை அப்படித்தான் ஏற்றினார்கள். அதன்பின் தாய்ச்சுடர், சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கைப் போன்ற சிறிய கண்ணாடி விளக்குகளில் காக்கப்படுகிறது. விமானத்தில் அந்த விளக்குக்கும் இடம் ஒதுக்கிக் கட்டி வைத்து, பக்கத்தில் ஆள் அமர்ந்து பார்த்துக்கொள்வார்கள். சாலையில் நாம் பார்க்கும் பந்தத்தின் உள்ளே எரிவாயுக் குப்பி இருக்கும். அது சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அடுத்தவர் நிற்கும் இடம் வந்ததும் உடன் வரும் பணியாளர் அவருடைய பந்தத்தில் எரிவாயுவைத் திறந்துவிட, இரண்டு பந்தங்களின் வாயும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். காற்று அடித்தால் சில நொடிகள் தாமதமாகும். அந்தச் சில நொடிகளில், பற்றுமா பற்றாதா என்று பந்தத்தின் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களுக்காகவே நான் நேரலையை விடாமல் பார்ப்பதுண்டு. அணைந்தால் தாய்ச்சுடரிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். 1976இல் மொண்ட்ரியாலில் மழை பெய்து கொப்பரை அணைந்தபோது ஊழியர் ஒருவர் அவசரப்பட்டு சிகரெட் லைட்டரால் பற்றவைத்துவிட்டார். பிறகு அதை அணைத்து, காத்து வைத்திருந்த சுடரிலிருந்து முறைப்படி ஏற்றினார்கள். ஆக, சுடர் உலகத்தைச் சுற்றிவர அடிப்படையில் தேவைப்படுவது ஒரு விளக்கும் அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களும். மற்றவையெல்லாம் நாம் கூட்டிச் சேர்த்த ஆடம்பரம்.

இந்த ஓட்டத்தின் பிறப்பு ஒன்றும் அப்பழுக்கற்றது அல்ல. 1936 பெர்லின் போட்டிக்காக, கார்ல் டீம் என்பவரின் திட்டப்படி, நாஜி அரசின் ஆதரவோடுதான் அது தொடங்கியது. பந்தங்களைச் செய்து கொடுத்தது ஆயுதங்கள் தயாரித்த கிரப் நிறுவனம். 1948இல் லண்டனுக்குப் புறப்பட்டபோது முதல் ஓட்டக்காரரான கிரேக்கச் சிப்பாய் தம் ஆயுதத்தைக் கீழே வைத்து, சீருடையைக் களைந்துவிட்டுச் சுடரை ஏந்தினார். அரசியலில் பிறந்த ஒன்றை அதே சாலையில் ஓடவிட்டு வேறொன்றாக மாற்ற முடியும் என்பதற்கு எனக்கு அந்தக் காட்சி போதும்.

என் மனத்துக்கு நெருக்கமான பாதை 1964ஆம் ஆண்டினுடையது. டோக்கியோவுக்குப் போகும் வழியில் சுடர் இஸ்தான்புல், பெய்ரூட், தெஹ்ரான், லாகூர், புது தில்லி, ரங்கூன், பாங்காக், கோலாலம்பூர், மணிலா, ஹாங்காங், தைப்பே என்று ஆசியா முழுவதும் இறங்கி ஏறியது. இந்தப் பட்டியலில் பாதி ஊர்களுக்கு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஜப்பானியர்கள் படையோடு போனவர்கள். ரங்கூனையும் மணிலாவையும் ஹாங்காங்கையும் பிடித்து ஆண்ட நாடு, அதே ஊர்களின் தெருக்களில் ஒரு விளக்கோடு வந்து நின்றது. பிறகு சுடர் ஓகினாவாவில் இறங்கியது. அன்று அந்தத் தீவு அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தது. அங்கே ஜப்பானியக் கொடியை ஏந்திக்கொண்டு மக்கள் சாலையோரம் திரண்டார்கள். கடைசியில் டோக்கியோ அரங்கில் கொப்பரையை ஏற்றிய யோஷினோரி சகாய், 1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு விழுந்த அதே நாளில், ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்தவர். இவற்றையெல்லாம் யோசிக்காமல் யாரும் பாதை வகுத்திருக்க முடியாது. உள்நாட்டில் மட்டும் ஓடியிருந்தால் சகாயின் கையிலிருந்த சுடருக்கு அந்தக் கனம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதன்பின் வந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2000இல் சிட்னிக்கு வந்த சுடர் நவுரு, சாலமன் தீவுகள், வனுவாட்டு, சமோவா, தோங்கா என்று பசிபிக் தீவுகள் வழியாக வந்தது. ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு என்றைக்கும் வராத நாடுகள் அவை. பிஜியில் அந்த ஆண்டு மே மாதம் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததால் அந்த நாடு மட்டும் விடுபட்டது. 2004இல் ஏதென்ஸ் முதல் முழு உலகச் சுற்றை நடத்தியது. 1936 முதல் ஓடிக்கொண்டிருந்த சுடர் ஆப்பிரிக்க மண்ணையும் தென் அமெரிக்க மண்ணையும் அப்போதுதான் முதன்முறையாகத் தொட்டது என்றால், அதுவரை 'உலகம்' என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு 2008. பெய்ஜிங் அதற்கு 'நல்லிணக்கப் பயணம்' என்று பெயர் வைத்தது. மொத்தம் 1,37,000 கிலோமீட்டர். அந்த மார்ச்சில் திபெத்தில் சீன ஆட்சிக்கு எதிராகக் கலவரம் வெடித்ததால், ஒலிம்பியாவில் சுடர் ஏற்றும் விழாவிலேயே எதிர்ப்பாளர்கள் நுழைந்துவிட்டார்கள். லண்டனில் பந்தத்தைப் பிடுங்க முயன்றார்கள். பாரிஸில் சுடரைப் பலமுறை அணைத்துப் பேருந்துக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த வாள்வீச்சு வீராங்கனை ஜின் ஜிங், தம்மீது பாய்ந்தவர்களிடமிருந்து பந்தத்தை மார்போடு அணைத்துக் காத்துக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோவில் கடற்கரைச் சாலையில் கூட்டம் காத்திருக்க, சுடர் ஒரு கிடங்குக்குள் நுழைந்து, பிறகு ஊரின் வேறொரு பகுதியில் வெளிப்பட்டது. புது தில்லிக்கு ஏப்ரல் 17 அன்று வந்தது. ராஜபாதையில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சுமார் 15,000 காவலர்கள். அழைக்கப்பட்டவர்களைத் தவிர யாரும் நெருங்க முடியவில்லை. கால்பந்து அணித் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா திபெத்தியர்களுக்கு ஆதரவாகச் சுடரை ஏந்த மறுத்துவிட்டார். அதே நாளில் திபெத்திய அகதிகள் ராஜ்காட்டிலிருந்து ஜந்தர் மந்தர் வரை தங்களுக்கென்று ஒரு சுடர் ஓட்டம் நடத்தினார்கள். அந்தப் பிற்பகல் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு ஓடுபவர்களைவிட அவர்களைச் சூழ்ந்த சீருடைகள்தான் அதிகம் தெரிந்தன. பூட்டியாவின் முடிவை அன்றும் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். ஏந்த மறுக்கும் உரிமை இருந்தால்தான் ஏந்துவதற்கும் மரியாதை.

ஆனால் 2008 என்றதும் இந்த மூன்று நான்கு ஊர்களை மட்டுமே சொல்வது நியாயமில்லை. ஆப்பிரிக்காவில் அந்த முறை சுடர் சென்ற ஒரே ஊர் தார் எஸ் சலாம். சீன உதவியால் கட்டப்பட்ட தன்சானியா–சாம்பியா இரயில் பாதையின் நிலையத்திலிருந்து தேசிய விளையாட்டரங்கம் வரை அது அமைதியாகவே ஓடியது. மஸ்கட்டிலும் அப்படித்தான். அந்தப் படங்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 2009இல் கதவைச் சாத்தியபோது லண்டனிலும் பாரிஸிலும் நடந்தவற்றுக்கான விலையைத் தார் எஸ் சலாம் போன்ற ஊர்கள்தான் கொடுத்தன.

உள்நாட்டுக்குள் சுருக்கினால் எதிர்ப்பு வராது என்ற கணக்கும் பொய்த்துப்போனது. 2016இல் பிரேசிலின் ஆங்ரா தோஸ் ரெய்ஸ் நகரில் சம்பளம் கிடைக்காத ஊழியர்கள் உள்ளிட்ட போராட்டக்காரர்கள் ஓட்டத்தை மறித்தார்கள், சுடர் அணைந்தது. 2021இல் பெருந்தொற்றுக்கு நடுவே ஜப்பானில் ஓடிய சுடரை நான் நேரலையில் பார்த்தேன். ஒசாகாவில் பொதுச் சாலையைத் தவிர்த்து, மக்கள் இல்லாத ஒரு பூங்காவுக்குள்ளேயே சுற்றவிட்டார்கள். நாகானோவில் சாலையோரம் நின்ற சிலர் ஒலிம்பிக் வேண்டாம் என்று முழக்கமிட்டபோது, ஒளிபரப்பில் அரை நிமிடம் போல ஒலி நின்றது. படத்தில் பந்தம் ஏந்தியவர் புன்னகையோடு ஓடிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பு எல்லைக்கு வெளியிலிருந்து வரும் சரக்கு அல்ல. தங்கள் தெருவில் நடக்கும் விழாவைப் பற்றி அந்தந்த ஊர்க்காரர்களுக்குக் கருத்து இருக்கத்தான் செய்யும்.

இந்த விதியின் வேடிக்கையான பக்கம் 2024இல் தெரிந்தது. போட்டி நடக்கும் நாட்டுக்குள் மட்டும் என்று விதி இருந்தும், பாரிஸ் போட்டியின் சுடர் ஜூன் மாதத்தில் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல், பசிபிக் என்று மூன்று கடல்களைக் கடந்து பிரெஞ்சு கயானா, ரீயூனியன், பிரெஞ்சு பாலினீசியா, குவாதலூப், மார்த்தினிக் ஆகிய இடங்களுக்குச் சென்றது. இவையெல்லாம் பிரான்ஸின் பகுதிகள் என்பதால் விதி மீறப்படவில்லை. நியூ கலிடோனியாவில் கலவரம் நடந்துகொண்டிருந்ததால் அந்த நிறுத்தம் மட்டும் கைவிடப்பட்டது. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியனுக்குச் சுடர் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும், பழைய பேரரசின் எச்சங்கள் கையில் இருக்கிற நாட்டுக்கு மட்டும் சுடரை உலகம் சுற்ற அனுப்ப உரிமை, அப்படி எதுவும் இல்லாத நாட்டுக்கு இல்லை என்று ஆகிவிட்டதே, இதை அந்தக் குழுவில் ஒருவர்கூட யோசிக்கவில்லையா?

அதே பாரிஸ் ஓட்டத்தில் சுடர் ஏந்திய தர்ஷன் செல்வராஜாவைப் பற்றித் தமிழ் ஊடகங்கள் நிறைய எழுதின. இலங்கையில் பிறந்து பாரிஸில் பேக்கரி நடத்தும் தமிழர். 2023இல் அந்த நகரின் சிறந்த பகெட் ரொட்டிக்கான பரிசை வென்றவர். நடிகர்களுக்கும் விளம்பர நிறுவனங்களின் விருந்தினர்களுக்கும் இடையே, விடியலுக்கு முன் அடுப்பு மூட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். 2004, 2008 ஆகிய இரண்டு உலகச் சுற்றுகளிலும் இலங்கை இடம்பெறவில்லை என்பதும் அந்தச் செய்தியைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

அப்படியானால் 2008ஐப் போலவே மீண்டும் செய்யச் சொல்கிறேனா என்றால், இல்லவே இல்லை. தனி விமானம், சுடருக்கு முன்னால் பாட்டு போட்டுக்கொண்டு வரும் விளம்பர வண்டிகள், அரசுத் தலைவர்களின் மேடை ஆகிய எதுவும் வேண்டாம். இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. தடை வந்த மறு ஆண்டே, 2010இல், சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்குக்காகச் சுடர் பெர்லின், டாக்கார், மெக்சிகோ நகரம், ஆக்லாந்து, சியோல் என்று கண்டத்துக்கு ஒரு நகரமாக ஐந்தே ஊர்களுக்குப் போய் வந்தது. பெரிய கலவரம் எதுவும் இல்லை. நம் பக்கத்தில் 2022இல் செஸ் ஒலிம்பியாட் சுடர் புது தில்லியில் தொடங்கி 75 நகரங்கள் வழியாக மாமல்லபுரம் வந்தபோது, சதுரங்கத்துக்கு எதற்குத் தீப்பந்தம் என்று சிரித்தவர்களும் தங்கள் ஊருக்கு வந்த அன்று போய்ப் பார்த்தார்கள். அதையும் மறக்க வேண்டியதில்லை.

என் யோசனை இதுதான். கண்டத்துக்கு ஒரு நகரம். ஒலிம்பிக் போட்டியை இதுவரை நடத்தாத, நடத்தும் வசதியும் இல்லாத நாட்டில் இருக்க வேண்டும். விளக்கு சாதாரணப் பயணிகள் விமானத்தில் வரட்டும். ஓடுபவர்களை அந்த ஊர்ப் பள்ளிகளும் விளையாட்டுச் சங்கங்களும் தேர்ந்தெடுக்கட்டும். பாதுகாப்புக்கு அஞ்சிச் சாலையை மூட வேண்டிய நிலை வந்தால், அந்த ஊரை அந்த முறை விட்டுவிடலாம். காவலர்களுக்காக மட்டும் ஒரு ஓட்டம் நடத்துவதைவிட அது மேல். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக 2025 முதல் இருப்பவர் ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிறிஸ்டி கோவென்ட்ரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். ஒரு கண்டத்துக்குச் சுடர் வந்து சேர 68 ஆண்டுகள் ஆனது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2032 போட்டி பிரிஸ்பேனில் நடக்கிறது. பசிபிக் தீவுகளெல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. 2000இல் விடுபட்டுப்போன பிஜியிலிருந்து தொடங்கினால் மிகவும் பொருத்தமாக இருக்கும்.