விலாச் சட்டத்தை அறுப்பது சாதாரண வேலை இல்லை
பள்ளிப் பேருந்தின் கூரையை உயர்த்த, ஜன்னல் தூண்களை அறுத்து, கூரையை ஜாக்கியில் தூக்கி, இடைவெளியில் குழாய் வைத்து வெல்டிங் செய்தால் போதும் என்கிறது இந்தக் கட்டுரை. அது போதாது. அந்தத் தூண்கள் விலாச் சட்டத்தின் பகுதிதான். அந்தச் சட்டம் பெரும்பாலும் ஒரு பக்கத் தரையில் தொடங்கி, கூரை வழியாக மறுபக்கம் இறங்கும் ஒரே இரும்பு. வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காப்பதே அதுதான். முனையோடு முனை ஒட்டினால் அந்த இடம்தான் முதலில் மடங்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். கரடுமுரடான சாலையில் ஓடி வந்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. சட்டத்தின் அதே தடிமனில் வளைத்த துண்டு, வெட்டுக்கு மேலும் கீழும் நன்றாக ஏறி உட்கார வேண்டும். அப்புறம், கூரையை உயர்த்துவதற்குப் பதிலாகத் தரையை இறக்கலாமே என்று மேலே கருத்தில் கேட்டவருக்கு: கீழே சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அச்சு, டீசல் டேங்க் எல்லாம் இருக்கின்றன, அங்கே இடமே கிடையாது.