அகற்றியது யார்?

‘தொட்டிகள் அகற்றப்பட்டன.’ எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில், பூந்தொட்டிகளைப் பற்றி ஒட்டியிருந்த அந்த அறிவித்தலின் படத்தை நேற்றே போட்டிருந்தேன். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, அகற்றிய ஆளைத்தான் காணவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து நட்ட கறிவேப்பிலையும் அவற்றோடு போய்விட்டது.

‘வெள்ளவத்தையில் ஆயிரம் பிரச்சினை, டீச்சருக்கு இலக்கணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வணக்கம் ஐயா. இது இலக்கணப் பிரச்சினையேதான். ‘விழு’ என்ற வினைக்கு விழுகிற பொருள் ஒன்றே போதும். ‘அகற்று’ அப்படியல்ல, அகற்றுபவர் இல்லாமல் அந்தச் செயலே கிடையாது. வினை தருவன ஆறு என்று எண்ணும் நன்னூல், செய்பவனைத்தான் முதலில் வைக்கிறது. ‘அகற்றப்பட்டன’ என்று ‘படு’ வந்து ஒட்டியதும் செய்பொருள், இங்கே தொட்டிகள், எழுவாயாகிவிடுகிறது. செய்பவர் ‘ஆல்’ உருபோடு வரலாம், வராமலும் இருக்கலாம். வராமல் இருப்பதில்தான் எத்தனை சௌகரியம்!

என் அப்பா அரச கந்தோரில் இலிகிதராக இருந்தவர். கந்தோர்க் கோப்பு ஒன்று காணாமல் போய், ‘இன்னார் கோவையைத் தொலைத்தார்’ என்று எழுதிக்கொண்டு போனால், மேலதிகாரி சிவப்பு மையால் வெட்டி, ‘கோவை தவறவிடப்பட்டுள்ளது’ என்று திருத்துவாராம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அது பண்பான நடை என்கிறீர்களா? இருக்கட்டும்.

செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியமே சொல்கிறதே என நண்பர் ஒருவர் மடக்கினார். சொல்கிறதுதான். உரைகாரர் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணையை மெழுகிய கை யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் விடுவதும், தெரியக்கூடாதென்று விடுவதும் ஒன்றா?

காணாமற்போனவர்களைத் தேடவென்று இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘காணாமற்போன ஆட்கள்’. பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டவர்கள்’. பூந்தொட்டியையும் இதையும் ஒப்பிடுகிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவ்வளவு புத்தி கெட்டுப்போகவில்லை எனக்கு. நான் சொல்வது வினையைப் பற்றி. ‘போ’வுக்குப் போனவர் மட்டும் போதும். ‘ஆக்கு’வுக்கு ஆக்கியவர் வேண்டும். அங்கேயும் ‘படு’தான், அங்கேயும் பெயர் இல்லை; ஆனால் ‘யாரால்?’ என்று கேட்க இடம் இருக்கிறது. போனவர்கள் என்று எழுதிவிட்டால் அந்த இடமும் இல்லை. அந்தத் தாய்மாருக்கு இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.