கோடு எழுதத் தெரியாதவள் பேசுகிறேன்

சனிக்கிழமை மேடையில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. "கம்ப்யூட்டர் கோடு எழுத வராதவங்கதான் டெக்னாலஜிக்குத் தத்துவம் சொல்ல வர்றாங்க" என்றார் மேடையில் பேசிய ஒரு அண்ணன். அரங்கமே கைதட்டியது. நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

நான் மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டுத்தான் தத்துவத்துக்கு வந்தேன். ஒரு அரியர்கூட இல்லாமல். (இதையெல்லாம் சொல்ல வேண்டியிருப்பதே கடுப்பு.)

என் துறை தொழில்நுட்பத் தத்துவம். அது கேட்பது எளிய கேள்வி. ஒரு பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது, யாரை மனதில் வைத்து? பொருள்களுக்கு அரசியல் உண்டா என்று லாங்டன் வின்னர் என்ற அமெரிக்க அறிஞர் 1980ல் கேட்டார், பஸ் போக முடியாதபடி வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டியவை என்று நியூயார்க் பக்கத்துப் பாலங்களை உதாரணம் காட்டினார். அந்தப் பாலக் கதை சரியில்லை என்று பின்னால் சண்டை வந்தது, அது இருக்கட்டும். எனக்கு 29சி பஸ் படிக்கட்டு போதும். முட்டி வலியோடு அம்மா அதில் ஏறுவதைப் பாருங்கள். அந்த உயரம் தானாக வந்ததா? யார் முடிவு செய்தது? 2024ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் விட்டார்களே, சும்மாவா விட்டார்கள்? பஸ் படி ஏற முடியாதவர்கள் கோர்ட் படி ஏறினார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்பார்கள். அப்படியா?

என் ஆயா கடிதம் எழுதுவார். 'மலை', 'யானை' எல்லாவற்றிலும் லை, னை எழுத்துக்கு முன்னால் துதிக்கை மாதிரி வளையும் அந்தப் பழைய துதிக்கை ஐ. இரண்டாம் வகுப்பில் இருந்த நான் அவற்றைச் சிவப்புப் பேனாவில் சுழித்து 'தப்பு' என்று போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் ஆயா எனக்கு எழுதவே இல்லை. பெரியார் 1935லேயே தன் ஏட்டில் இந்த மாதிரி எழுத்துகளை மாற்றினார். அச்சுக் கோப்பதும் தட்டச்சும் சுலபமாகும் என்பதும் அவர் சொன்ன காரணம். 1978ல் அந்த மாற்றத்துக்கு அரசாணை வந்தது. நல்ல மாற்றம்தான், நான் பெரியார் பக்கம்தான், தயவுசெய்து அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் எந்திரத்துக்காக எழுத்து வளைந்தபோது ஆயாவின் கையெழுத்து ஒரே நாளில் தப்பாகிப்போனது. பெரியார் அன்று அச்சு எந்திரத்தை வைத்து யோசித்ததற்கு என்ன பெயர்? கோடிங்கா?

"வேலை கிடைக்குமா?" கிடைக்காமலும் போகலாம். அடுத்து.

"கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் எதைத்தான் செய்வது?" இதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரின் ஒரே பத்தியை நாலாவது தடவை படிக்கும்போது எனக்கே தோன்றும். கூடப் படித்தவர்கள் சிறுசேரியில் வீடு வாங்கிவிட்டார்கள். ஃபெல்லோஷிப் பணம் எந்த மாதம் வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. யாராவது கேட்டால் அப்பா "பி.எச்.டி. பண்றா" என்பார். எதில் என்று சொல்ல மாட்டார்.

அன்றைக்கு நேரலையை அப்பாவும் பார்த்திருக்கிறார். சாப்பிடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தத் தம்பி எந்தக் கம்பெனிம்மா?"