தாய்லாந்தில் ஓய்வுக்காலமா? வாடகையைக் கடைசியில் கேளுங்கள்

ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "ரிட்டயர் ஆனதும் தாய்லாந்து போய் செட்டில் ஆகிடலாம், செலவு கம்மி." யூடியூபும் இதற்குத் தூபம் போடுகிறது. கடற்கரை, நீச்சல் குளம், வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று சொல்லி வீடியோ முடிந்துவிடும். ஆனால் அங்கே பத்துப் பதினைந்து வருடமாக இருக்கும் வெளிநாட்டு ஓய்வூதியர்களின் காலைக் காபி மேஜையில் வாடகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விசா நீட்டிப்பு, நாணய மாற்று விகிதம், ஆஸ்பத்திரியில் இருப்பது யார் என்ற மூன்றைச் சுற்றியே பேச்சு ஓடும். போக நினைப்பவர்களும் அதே மூன்றை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்த வெளிநாட்டவர் குடியிருப்புகள் ஊருக்கு ஊர் வேறு முகம். பட்டாயாவில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், ரஷ்யர். ஹுவா ஹின்னில் ஸ்காண்டிநேவியர்கள் அதிகம். சியாங் மாயில் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும். வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானத் தளம் இருந்த உடோன் தானியில் முன்னாள் ராணுவத்தினர். கடல் வேண்டாம், மலை போதும் என்று சியாங் மாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகையில் ஊரே மூழ்கும். உலகின் மிக மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் அந்த வாரங்களில் அதன் பெயர் மேலே வந்து நிற்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அந்த இரண்டு மூன்று மாதம் தெற்கே போய்விடுகிறார்கள். அப்படியானால் வருடா வருடம் இரண்டு வீட்டு வாடகை. "செலவு கம்மி" கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

இனி பணம். ஓய்வு அடிப்படையில் ஒரு வருடத் தங்கல் நீட்டிப்பு வாங்க வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம் காட்ட வேண்டும். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2019 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின் மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் அந்த 8 லட்சம் அசையாமல் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்தபின் மூன்று மாதம் தொடக் கூடாது. அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே மறுபடி 8 லட்சம் ஆகிவிட வேண்டும். ஆக, 4 லட்சம் வருடம் முழுக்க முடங்கிய பணம். "அவசரத்துக்கு இது இருக்கே" என்று நினைத்தால், எடுத்த அன்றே விசா ஆட்டம் காணும்.

விண்ணப்பம் கெட்டுப்போவது எப்படி என்றால், பெரும்பாலும் அற்பக் காரணம். ஏ.டி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணத்தை வங்கி தானாகக் கழிக்கும், இருப்பு 7,99,800 என்று நிற்கும். அதிகாரி அந்த வரியைப் பேனாவால் வட்டமிடுவார், அவ்வளவுதான். விசாவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அதற்கு அட்டை வாங்காமல், 8 லட்சத்துக்கு மேல் பத்து இருபதாயிரம் கூடுதலாகப் போட்டு வைப்பதே சரி. கூட்டுக் கணக்கு வேண்டாம். விண்ணப்பிக்கும் நாள் காலையில் ஒரு நூறு பாட் போட்டுப் பாஸ்புக்கில் பதிந்து, வங்கிக் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய தேதிக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள்.

மாதம் 65,000 வழியில் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானச் சான்றுக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டன. அதனால் ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிப் பதிவே காட்ட வேண்டும். சில இணையப் பரிமாற்றச் சேவைகள் கடைசிக் கட்டத்தில் உள்ளூர் வங்கி வழியாக அனுப்பும்போது அது உள்ளூர்ப் பரிமாற்றம் என்று பதிவாகிவிடும். பன்னிரண்டு மாதம் ஒழுங்காகப் பணம் வந்திருந்தும் விண்ணப்பம் திரும்பி வரும். முதல் மாதமே பாஸ்புக்கில் என்ன குறியீடு விழுகிறது என்று பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட். அதோடு கடமை தீராது. நாட்டுக்குள் தொடர்ந்து 90 நாள் இருந்தால் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்னதாகவோ 7 நாள் பின்னதாகவோ செய்யலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். இடையில் வெளிநாடு போய் வந்தால் எண்ணிக்கை திரும்பிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டவர் குடிவந்ததை 24 மணி நேரத்தில் டி.எம்.30 படிவத்தில் பதிய வேண்டும். பதிய வேண்டியது அவர். பதியாவிட்டால் குடியேற்ற அலுவலகக் கவுன்ட்டரில் நிற்பது நீங்கள். வீடு பார்க்கும்போதே "டி.எம்.30 போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டு, இழுத்தால் அடுத்த வீடு பார்ப்பது நல்லது.

இதைவிடக் கொடுமை மறுநுழைவு அனுமதி. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் ஒரு வருட நீட்டிப்பு அந்த நிமிடமே காலாவதி. ஊரில் சாவு, இரவோடு இரவாகக் கிளம்பு என்ற நிலையில்தான் இது மறந்துபோகும். நீட்டிப்பு வாங்கும் அன்றே அடுத்த கவுன்ட்டரில் பல முறை அனுமதியையும் வாங்கிவிடுவதை அனுபவசாலிகள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். 3,800 அதிகம் என்று மிச்சம் பிடிக்கும் இடம் இது அல்ல. தேதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. 90 நாளைத் தாண்டிவிட்டால் தானாக வெளியேறினாலும் மறுபடி நுழையத் தடை உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, அலுவலகம் பூட்டியிருக்கும். அந்த வாரத்தில் கடைசித் தேதி விழுகிறவர்கள் மார்ச்சிலேயே போய்விட வேண்டும்.

சட்டம் ஒன்றுதான், அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை வேறு. ஒரு ஊரில் கேட்கும் வீட்டு வரைபடத்தை இன்னொரு ஊரில் கேட்க மாட்டார்கள். காபி மேஜை ஆலோசனைகளில் பாதி இதனால்தான் தவறாகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருடைய அலுவலகம் வேறு. உங்கள் மாவட்ட அலுவலகத்திலேயே தேவைப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். "பணமே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கணக்கில் சில நாள் 8 லட்சம் காட்டித் தரும் ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை அசலாக இருக்கலாம், அதற்குக் கீழே இருக்கும் ஆவணம் மோசடி. பிடிபட்டால் ஏஜென்ட் ஊரில் இருப்பார், நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஒருவர் ஓய்வு நீட்டிப்பு வாங்கினால் மற்றவர் சார்ந்தவராக விண்ணப்பிக்கலாம், இன்னொரு 8 லட்சம் தேவையில்லை. ஆனால் திருமணச் சான்றிதழ் வேண்டும், உரிய சான்றொப்பமும் தாய்லாந்து மொழிபெயர்ப்புமாக. முப்பது நாற்பது வருடத்துக்கு முன் நடந்த நம் கல்யாணங்கள் பலவற்றுக்குப் பத்திரிகையும் ஆல்பமும்தான் சாட்சி. கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள். அப்படியே இந்திய வங்கி விவகாரத்தையும் முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓ.டி.பி. வரும் சிம் கார்டை உயிரோடு வைத்திருப்பது அதைவிட முக்கியம். ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால், ஓய்வூதியம் கணக்கில் விழும், எடுக்கத்தான் முடியாது.

மாற்று விகிதம் பற்றிச் சுருக்கமாக. 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 65 பாட்டுக்கு மேல் கிடைத்தது. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பின் 45-ஐ ஒட்டி வந்தது. போதாக்குறைக்கு, தாய்லாந்தில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதில்லை, தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். ஒரே ஓய்வூதியம், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. 2005-ல் வசதியாக வந்தவர்கள் பலர் பத்து வருடத்தில் சின்ன அறைக்கு மாறினார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். ரூபாயில் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் இதே காற்றுதான் வீசும். இன்றைய விகிதத்தில் கணக்குப் போட்டு, கால் பங்கைக் கழித்துவிட்டு, அதிலும் வாழ முடியுமா என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஓ-ஏ வகை விசாவில் (கிளம்பும் முன்பே தாய்லாந்துத் தூதரகத்தில் வாங்கும் நீண்டகால விசா) போகிறவர்களுக்கு 2019 அக்டோபர் 31 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம், பின்னர் அதன் அளவு 30 லட்சம் பாட் ஆக்கப்பட்டது. சாதாரண ஓ வகை விசாவில் போய் அங்கே நீட்டிப்பு வாங்குகிறவர்களுக்குக் கட்டாயம் இல்லை. இந்த ஓட்டையைப் பெரிய சலுகையாகப் பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சமூகத்தின் துயரங்களில் பெரும்பகுதி இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அறுபதில் ஆரோக்கியமாக இருப்பவர் காப்பீடு எடுப்பதில்லை. எழுபதில் தேவைப்படும்போது பல நிறுவனங்கள் புதிதாகச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விலக்கு. அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அங்கே செல்லாது. தனியார் மருத்துவமனை முன்பணமோ காப்பீட்டு உத்தரவாதமோ கேட்கும். ஐ.சி.யூ.வில் சில வாரங்கள் என்றால் விசாவுக்கு வைத்த 8 லட்சமும் கரையலாம், அதோடு விசாவும். அரசு மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, காத்திருப்பு நீளம், வார்டில் உறவினர் ஒருவர் கூட இருப்பார் என்பது எழுதப்படாத எதிர்பார்ப்பு. தனியாக இருப்பவருக்கு அந்த ஒருவர் யார்? காப்பீட்டை அறுபதுக்கு முன் எடுத்துவிடுங்கள், முடியாதவர்கள் விசாப் பணத்தைத் தொடாமல் தனியாக மருத்துவ நிதி வையுங்கள். இரண்டும் முடியாது என்றால் போக வேண்டாம்.

ஸ்கூட்டர் இன்னொரு பொறி. கார் உரிமத்தை வைத்துக்கொண்டு இருசக்கரம் ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் தாள் இருசக்கர உரிமம். இல்லையென்றால் கோரிக்கை தள்ளுபடி. தாய்லாந்து உரிமம் வாங்குவது கடினமல்ல. மருத்துவச் சான்று, வசிப்பிடச் சான்று, நிறப்பார்வை மற்றும் எதிர்வினைச் சோதனை, தேர்வு. முதலில் இரண்டு வருடத்துக்கும் பிறகு ஐந்து வருடத்துக்கும் தருவார்கள். அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155.

அன்றாடப் பொழுது பற்றி வீடியோக்கள் சொல்லாத ஒன்று உண்டு: ஓய்வு விசாவில் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாமல் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் அனுமதி தேவைப்படும் வேலைதான். நாற்பது வருடம் உழைத்த மனிதருக்கு வெயில் ஏறும் முன் நடை, ஒன்பது மணிக்குக் காபி, அப்புறம் முழு நாள் வெறுமை. முதல் ஆறு மாதம் விடுமுறை மாதிரி இருக்கும். ஏழாவது மாதம் சிலருக்கு மதியமே பீர் தொடங்கும். தாய்லாந்து மொழியை எழுத்தோடு கற்கத் தொடங்குபவர்களும், தங்கள் மொழி பேசாதவர்களோடும் பழகுபவர்களும் இதிலிருந்து தப்புவதைப் பார்க்கலாம்.

வீடு வாங்குவது பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. நிலம் வெளிநாட்டவர் பெயரில் ஆகாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவருக்கு விற்கலாம், பணம் வெளிநாட்டு நாணயமாக வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். குத்தகைப் பதிவு 30 வருடம்தான். பினாமி கம்பெனி வைத்து நிலம் வாங்குவது குற்றம். வரியிலும் ஒரு மாற்றம்: வருடத்தில் 180 நாள் தங்குகிறவர், 2024 ஜனவரி 1-க்குப் பின் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தைத் தாய்லாந்துக்குக் கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் சேரும். அதற்கு முந்தைய சேமிப்பு சேராது. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, இந்த வெளிநாட்டவர் குழுக்கள் உண்மையிலேயே உதவும் இடம். ஒருவர் நினைவிழந்து விழுந்தால் ஆஸ்பத்திரி கையெழுத்துக்கு உறவினரைத் தேடும். பதினைந்து வருடம் கூட வாழ்ந்தாலும் பதிவுத் திருமணம் இல்லாத துணைக்கு அந்த உரிமை தானாக வராது. இறந்தால் காவல்துறை, மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், தூதரகம் என்று நாலு இடம். தூதரகம் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், கடிதம் தரும், செலவை ஏற்காது. வங்கிக் கணக்கு முடங்கும், நீதிமன்றம் நிர்வாகியை நியமித்தபின்தான் திறக்கும். எனவே தாய்லாந்துச் சொத்துக்குத் தாய்லாந்திலேயே தனி உயில் வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும், பயன்பெறுபவரோ அவரது கணவன், மனைவியோ சாட்சியாகக் கூடாது. பக்கத்து வீட்டு நண்பரைச் சாட்சியாக்கிவிட்டு அவருக்கே மோட்டார் சைக்கிளையும் எழுதிவைத்தால் அந்தப் பகுதி செல்லாது. உயிர்நீட்டிப்புக் கருவிகள் வேண்டாம் என்று எழுதிவைக்க 2007-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைத் தாய்லாந்து மொழியில் எழுதி, நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக் கோப்பில் ஒரு பிரதி சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி, பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண், ஊரிலுள்ள பிள்ளையின் போன் நம்பர் எல்லாம் சேர்த்து, சாவி வைத்திருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும்.